ஊசிக்கு ஒரு நாள், நடைக்கு ஒரு வருஷம்

நியூமார்க்கெட்டில் குதிரைகள் சாலையைக் கடக்கும் இடங்களில் சிக்னல் கம்பத்துக்கு இரண்டு பொத்தான்கள். ஒன்று நடந்து போகிறவர்களுக்கு. மற்றது தலைக்கு மேலே, குதிரைமேல் உட்கார்ந்திருப்பவரின் கைக்கு எட்டும் உயரத்தில். விடியற்காலையில் போய் நின்றால் மேல் பொத்தானுக்குத்தான் வேலை அதிகம். வரிசை வரிசையாகப் பந்தயக் குதிரைகள் தெருவைக் கடந்து வாரன் ஹில் என்ற புல்மேட்டுக்கு ஓட்டப் பயிற்சிக்குப் போகின்றன. வேலைக்குக் கிளம்பிய கார்கள் ஹாரன் அடிக்காமல் பொறுமையாக நிற்கின்றன.

இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில், கேம்பிரிட்ஜிலிருந்து ரயிலேறினால் அரை மணிக்குள் வந்துவிடுகிற சின்ன ஊர் இது. பயிற்சியில் உள்ள பந்தயக் குதிரைகள் மட்டும் ஏறக்குறைய 3,000. இரண்டாம் சார்லஸ் மன்னர் 1671-ல் தாமே குதிரையேறிப் பந்தயத்தில் ஜெயித்த மண். குதிரை இங்கே பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு. பிழைப்பு என்றால் அதற்கு ஆஸ்பத்திரியும் வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் முதல் எலும்பு அறுவை சிகிச்சை வரை குதிரைக்கென்றே செய்யும் மருத்துவமனைகள் இந்த ஊரைச் சுற்றி இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குத்தான் நான் போனேன். ஊர் பெயரை எழுதலாம், ஆஸ்பத்திரி பெயரும் குதிரைகளின் பெயரும் கூடாது என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. காரணம் எளிது: கால் அடிபட்ட குதிரை என்று தெரிந்தால் விற்பனை விலை விழுந்துவிடும்.

ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்லை வைத்துச் செய்யும் சிகிச்சை என்று கேள்விப்பட்டிருப்போம். மனிதர்களுக்கு அது பெரும்பாலும் விளம்பரமாகவும் ஆராய்ச்சியாகவுமே இருந்துகொண்டிருக்க, குதிரைகளுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாக அன்றாட வைத்தியமாகவே நடந்துகொண்டிருக்கிறது. அது எப்படி நடக்கிறது, உண்மையில் எவ்வளவு தூரம் குணமாக்குகிறது என்று கண்ணால் பார்ப்பதற்காக வந்திருந்தேன். சிகிச்சையின் மூன்று கட்டங்களில் இருக்கும் மூன்று குதிரைகளைக் காட்டுவதாக மருத்துவர் சொல்லியிருந்தார். ஐம்பது வயதை நெருங்கும் பெண்மணி. பேச்சில் அவசரமே கிடையாது. நடையில் மட்டும் நம்மால் கூடப் போக முடியாது.

கறுப்பாகத் தெரிந்த ஓட்டை

முதல் குதிரை, செம்பழுப்பு நிறத்தில் காயடித்த ஆண். தடை தாண்டும் பந்தயத்தில் ஓடுவது. சுமார் பத்து நாளைக்கு முன்பு ஓட்டத்தின் நடுவிலேயே வேகம் குறைந்து நின்றுவிட்டதாம். பார்வைக்கு நொண்டவில்லை. சிமென்ட் தளத்தில் ஒருவர் அதைக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார்; எனக்கு எந்தக் கோளாறும் தெரியவில்லை. மருத்துவர் குனிந்து இடது முன்காலைத் தூக்கி, முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாக ஓடும் நரம்பு போன்ற பகுதியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மேலிருந்து கீழே உருவிக்கொண்டே வந்தார். பாதி வழியில் குதிரை காலை வெடுக்கென்று இழுத்தது. "இங்கேதான்" என்றார். அந்த இடம் லேசாக வெளிப்பக்கம் புடைத்திருந்தது. தொட்டுப் பார்க்கச் சொன்னார். சூடாக இருந்தது.

அது நரம்பு அல்ல, தசைநாண். தசையையும் எலும்பையும் பிணைக்கும் நார்க்கட்டு. குதிரையின் உடற்கூறு விசித்திரமானது. நாம் முன்கால் முட்டி என்று நினைப்பது அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே சொல்லும்படியான தசையே கிடையாது. எலும்பு, தசைநாண், தோல், அவ்வளவுதான். ஒவ்வொரு காலிலும் ஒற்றை நடுவிரலின் நுனியில் நின்றுதான் அந்த ஐந்நூறு கிலோ உடம்பு ஓடுகிறது. நாலுகால் பாய்ச்சலில் ஒரு கட்டத்தில் முழுப் பாரமும் ஒரே முன்காலில் இறங்கும்போது உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு அந்தக் கால்மேல் விழுகிறது. பின்பக்கத் தசைநாண் அப்போது இழுபட்டு நீண்டு, மறுநொடி சுருங்கி, காலை முன்னால் எறிகிறது. பாய்ச்சலில் அது 16 சதவீதம்வரை நீள்வதாக அளந்திருக்கிறார்கள். அறுந்துபோகும் எல்லையும் அதைவிட ரொம்பத் தூரத்தில் இல்லை. போதாக்குறைக்கு ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாக மாறி உள்ளேயே தங்கிவிடுகிறது. ஓடும் குதிரையின் தசைநாண் நடுவில் 45 டிகிரி செல்சியஸ்வரை வெப்பம் பதிவாகியிருக்கிறது. ரத்த ஓட்டம் குறைவான இடமாதலால் சீக்கிரம் ஆறுவதும் இல்லை.

ஆகவே சேதம் நடுவில் தொடங்குகிறது. தேர்வடத்தில் வெளிப்புரிகள் சரியாக இருக்க, உள்ளே மட்டும் சில புரிகள் இற்றுப்போனால் எப்படியோ அப்படி. வெளியிலிருந்து பார்த்தால் முழுசாகத் தெரியும். அடுத்த இழுப்புக்குத் தாங்குமா என்பது உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

உள்ளே பார்க்கத்தான் ஸ்கேன். மயிரைச் சிரைத்து, ஜெல் தடவி, அல்ட்ராசவுண்டு கருவியைக் காலின் பின்பக்கம் குறுக்காக வைத்தார். திரையில் நீள்வட்டமான சாம்பல் நிறப் பரப்பு. மணல் தூவியது மாதிரி புள்ளி புள்ளியாக நார்கள். கருவியை இரண்டு விரல் அளவு கீழே இறக்கியதும் அந்தச் சாம்பலின் நட்டநடுவில் ஒரு கறுப்பு வட்டம் வந்தது. அங்கே நார் இல்லை, ரத்தக் கசிவும் நீரும்தான். தசைநாண் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும் என்று அளந்து சொன்னார். "இந்தக் காயத்தில் ஒரே ஒரு நல்ல விஷயம் இதுதான். சுற்றிச் சுவர் இருக்கிறது. உள்ளே ஊற்றுகிற மருந்து அங்கேயே நிற்கும்."

முன்பெல்லாம் சூடு

அந்தக் காலத்தில் இதற்கு என்ன செய்தார்கள் என்று கேட்டேன். "சூடு போட்டார்கள்" என்றார். நம் கிராமத்தில் மாட்டுக்குச் செய்வதேதான். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காலின் மேல் கோடுகளாகவோ புள்ளிகளாகவோ இழுப்பது. புதிதாக ஒரு புண்ணை உண்டாக்கினால் ரத்தம் பாய்ந்து பழைய புண்ணும் ஆறும் என்பது நம்பிக்கை. சூடு பட்ட குதிரைகள் பலவும் திரும்ப ஓடியது உண்மை. ஆனால் புண் ஆறும்வரை அவற்றுக்கு மாதக்கணக்கில் ஓய்வு கொடுத்தாக வேண்டியிருந்தது. குணமாக்கியது சூடா, ஓய்வா? பிரிட்டனில் நடந்த ஒரு நீண்ட ஆய்வின் முடிவு 1983-ல் வெளியானது. சூடு போட்டதால் தசைநாணுக்கு ஒரு நன்மையும் இல்லை என்று அது சொன்னது. இன்று பிரிட்டனின் கால்நடை மருத்துவர் அமைப்பு அதை நெறிக்குப் புறம்பானதாகவே கருதுகிறது.

இந்தக் கதையை அவர் சும்மா சொல்லவில்லை என்பது மத்தியானம்தான் புரிந்தது.

தசைநாண் தானாகவும் ஆறும். பிரச்சினை, அது தழும்பாக ஆறுகிறது. தழும்பு வலுவானது, ஆனால் விறைப்பானது, நீளாது, சுருங்காது. அந்த இடம் நீளாததால் அதற்கு மேலும் கீழும் உள்ள நல்ல நார்கள் கூடுதலாக இழுபடுகின்றன. அடுத்த சீசனில் அங்கே கிழிகிறது. தடை தாண்டும் குதிரைகளில் வழக்கமான சிகிச்சைக்குப் பிறகு பாதிக்கு மேல் மறுபடி அடிபட்டதாகக் கணக்கு. ஸ்டெம் செல் என்ற யோசனை இங்கேதான் நுழைந்தது: தழும்புக்குப் பதில் நல்ல நாரே வளர்ந்தால்?

கலிபோர்னியாவில் டக்ளஸ் ஹெர்தெல் என்ற மருத்துவர் குதிரையின் எலும்பு மஜ்ஜையை அப்படியே எடுத்து, எலும்போடு எலும்பைப் பிணைக்கும் அடிபட்ட இணைப்பு நாருக்குள் செலுத்திப் பார்த்தார். 2001-ல் அதை வெளியிட்டார். மஜ்ஜையில் ஸ்டெம் செல் பத்தாயிரத்தில் ஒன்றோ லட்சத்தில் ஒன்றோதான். 2003-ல் லண்டனின் ராயல் வெட்டர்னரி காலேஜைச் சேர்ந்த ரோஜர் ஸ்மித் குழுவினர், மஜ்ஜையிலிருந்து அந்தச் செல்லை மட்டும் பிரித்து, வளர்த்துப் பெருக்கி, ஒரு போலோ குதிரையின் தசைநாணுக்குள் திரும்ப வைத்ததை எழுதினார்கள். இன்று இங்கே நடப்பது கிட்டத்தட்ட அதே முறை.

மார்பெலும்பில் ஊசி

செம்பழுப்பனை இரும்புக் குழாய்களாலான அடைப்புக்குள் நிறுத்தினார்கள். நம் ஊர்க் கால்நடை ஆஸ்பத்திரியில் டிராவிஸ் என்பார்களே, அதேதான். கழுத்து ரத்தக்குழாயில் டெட்டோமிடின் என்ற மயக்க மருந்தை ஏற்றியதும் இரண்டு மூன்று நிமிடத்தில் தலை தொங்கியது, கீழுதடு தளர்ந்தது, கால்கள் மட்டும் நிலையாக நின்றன. முழு மயக்கம் கொடுப்பதில்லை. மயக்கத்திலிருந்து தடுமாறி எழும்போது காலை உடைத்துக்கொள்ளும் ஆபத்து குதிரைகளுக்கு அதிகம்.

மருத்துவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு முன்கால்களுக்கு நடுவே குந்தினார். மார்பெலும்பு பல துண்டுகளாலானது. ஒவ்வொரு துண்டும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஸ்கேன் வைத்துப் பார்த்துத் தோலில் குறித்தார். இந்தக் கவனத்துக்குக் காரணம் உண்டு. எலும்புக்கு அந்தப்புறம் இதயம் இருக்கிறது. ஊசி அளவுக்கு மீறி உள்ளே போய்க் குதிரை செத்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

மரத்துப்போக ஊசி, பிளேடால் சின்னக் கீறல், பிறகு ஜம்ஷிடி ஊசி. மனிதர்களுக்கு ரத்தப் புற்றுநோய்ச் சோதனைக்கு மஜ்ஜை எடுப்பதும் இதே வகை ஊசியால்தான். உள்ளங்கையில் பிடியை வைத்து இடமும் வலமுமாகத் திருகித் திருகி ஏற்றினார். ஓரிடத்தில் கை நின்றது. எலும்பின் மேலோட்டைத் தாண்டிவிட்டது என்று அர்த்தமாம். உள்குச்சியை உருவிவிட்டு, உறையாமலிருக்க ஹெப்பாரின் தடவிய சிரிஞ்சைப் பொருத்தி இழுத்தார். முதலில் வெறும் காற்று. பிறகு ரத்தத்தைவிடக் கருஞ்சிவப்பாக, கெட்டியாக, கொழுப்புத் துளிகள் மினுங்க மஜ்ஜை வந்தது. இரண்டு சிரிஞ்ச் நிறைந்ததும் போதும் என்றார். குதிரை ஒரே ஒரு தடவை பெருமூச்சு விட்டது. குளிர்பெட்டி, கூரியர், பரிசோதனைக் கூடம். அதற்கப்புறம் இரண்டு மூன்று வாரம் இங்கே யாருக்கும் வேலை இல்லை.

கூடத்தில் நடப்பதை அவருடைய கணினியில் படங்களாகப் பார்த்தேன். 37 டிகிரியில், 5 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றில், பிளாஸ்டிக் குடுவைக்குள் மஜ்ஜையை வைக்கிறார்கள். ஸ்டெம் செல் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். ரத்தச் செல்கள் ஒட்டாது. ஊட்ட நீரை மாற்றும்போதெல்லாம் ஒட்டாதவை கழுவிக்கொண்டு போய்விடும். இந்தக் குணத்தை மாஸ்கோவில் அலெக்சாண்டர் ஃப்ரீடன்ஷ்டைன் கவனித்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். இன்றைய பிரிப்பு முறை அதன்மேல்தான் நிற்கிறது. ஒரு கோடி செல் சேர்ந்ததும் அறுவடை.

பிரிட்டனில் இதைச் செய்ய அரசின் கால்நடை மருந்து இயக்ககத்திடம் தனி உரிமம் வாங்க வேண்டும். இந்த உரிமத்தின்கீழ் குதிரையின் சொந்தச் செல்லை அதே குதிரைக்குத்தான் திருப்பிக் கொடுக்கலாம். சிகிச்சை பெற்ற குதிரை இறைச்சிக்குப் போகக் கூடாது என்பதும் விதி. இங்கே ஒவ்வொரு குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு. இறைச்சிக்கு ஆகாது என்று அதிலேயே எழுதிவிடுகிறார்கள்.

இரண்டு மில்லியில் ஒரு கோடி

இரண்டாவது குதிரையின் செல் அன்று காலைதான் வந்திருந்தது. தெர்மோகோல் பெட்டிக்குள் ஐஸ் பொதிகளுக்கு நடுவே சுண்டுவிரல் நீளக் குப்பி. உள்ளே வைக்கோல் நிறத் திரவம், அடியில் கொஞ்சம் வெண்படிவு. மருத்துவர் குப்பியை மெல்லச் சாய்த்துச் சாய்த்துக் கலக்கினார். குலுக்கினால் செல் சேதமாகும். குப்பியில் இருந்த எண்ணையும் குதிரையின் கழுத்தில் பதித்திருக்கும் சிப்பின் எண்ணையும் இரண்டு பேர் தனித்தனியாக வாசித்து ஒத்துப்பார்த்தார்கள். ஒரு நாளுக்குள் செலுத்திவிட வேண்டும். தாமதித்தால் உயிருள்ள செல்லின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும்.

இது கறுப்புப் பெண்குதிரை. அதே டிராவிஸ், அதே மயக்க மருந்து, காலின் மேற்பகுதியில் மரத்துப்போகும் ஊசி. காலை நுரை பொங்கத் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். தசைநாணுக்குள் கிருமி புகுந்தால் எல்லாம் பாழ் என்பதால் சுத்தம் செய்ததுதான் ஊசி போட்டதைவிட அதிக நேரம் பிடித்தது. இடது கையில் உறையிட்ட ஸ்கேன் கருவி, வலது கையில் சிரிஞ்ச். திரையில் கறுப்பு வட்டம் தெரிய, அதை நோக்கி மெல்லிய வெள்ளைக் கோடாக ஊசி போய்க்கொண்டிருந்தது. கோட்டின் முனை கறுப்புக்குள் நுழைந்ததும் பிஸ்டனை அழுத்தினார். கறுப்புக்குள் வெள்ளைப் பொறிகள் சுழன்றன. "அதுதான் செல்லா?" என்றேன். "கூடப் போன காற்றுக் குமிழி. செல் கண்ணுக்குத் தெரியாது." ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு மேலிருந்து கீழ்வரை இப்படியே. மொத்தம் இரண்டு மில்லி. கட்டுப் போட்டு லாயத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஒரு கோடிச் செல்லும் இனி தசைநாணாக மாறிவிடும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர்களும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். கதிரியக்க அடையாளமிட்ட செல்லைச் செலுத்திப் பின்தொடர்ந்தபோது, ஒரே நாளில் கால் பங்குதான் காயத்துக்குள் மிஞ்சியிருந்தது. எஞ்சியவையும் நாளாக ஆகக் குறைந்துகொண்டே வந்தன. தசைநாணாக நிலைத்தவை மிகச் சொற்பம். ஆனாலும் பலன் தெரிகிறது. இருக்கிற கொஞ்ச நாளில் அந்தச் செல்கள் சுரக்கும் பொருள்கள் அழற்சியைத் தணித்து, அங்கே ஏற்கனவே உள்ள செல்களைச் சரியான வழியில் வேலை செய்யவைக்கின்றன என்பதுதான் இப்போதைய விளக்கம். கட்டுகிற வேலையைக் குதிரையின் சொந்த உடம்புதான் செய்கிறது.

கணக்கு என்ன சொல்கிறது

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எண்களைப் பற்றிக் கேட்டேன். 2012-ல் வெளியான ஆய்வில் இப்படிச் சிகிச்சை பெற்ற 113 பந்தயக் குதிரைகளைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். மறுபடி அடிபட்டவை 27 சதவீதம். தடை தாண்டும் குதிரைகளில் முந்தைய சிகிச்சைகளுக்கு இருந்த கணக்கு 56 சதவீதம். பாதியாகக் குறைந்திருக்கிறது.

"சந்தோஷப்படுவதற்கு முன்னால் இரண்டு விஷயம்" என்று விரலை நீட்டினார். அந்த 113-ல் சமதளப் பந்தயக் குதிரைகள் எட்டே எட்டு. அவற்றில் நான்கு மறுபடி அடிபட்டன. எட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டாவது, 27-ஐயும் 56-ஐயும் ஒரே காலத்தில், ஒரே மாதிரிக் குதிரைகளில் அளக்கவில்லை. பழைய கணக்கோடு புதியதை ஒப்பிட்டிருக்கிறார்கள். பாதிக் குதிரைக்கு வெறும் உப்புநீர் போடச் சம்மதிக்கும் முதலாளி யார்? அதோடு, ஸ்டெம் செல்லுக்குப் பணம் கட்டுகிறவர் மருத்துவர் சொல்லும் ஓய்வையும் ஒழுங்காகக் கொடுக்கிறார். பலன் எதனால் வந்தது?

சூடு போட்ட கதையில் வந்த அதே கேள்வி. காலையில் ஏன் அதைச் சொன்னார் என்று இப்போது விளங்கியது.

கேள்விக்கு ஓரளவு பதிலும் இருக்கிறது. ஸ்மித் குழுவினர் 12 குதிரைகளை எடுத்து, ஆறுக்கு ஸ்டெம் செல், ஆறுக்கு உப்புநீர் செலுத்தினார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே ஓய்வு, ஒரே பயிற்சி. ஆறு மாதம் கழித்துக் கருணைக்கொலை செய்து தசைநாணைச் சோதித்தார்கள். ஸ்டெம் செல் பெற்றவற்றின் தசைநாண் விறைப்பு குறைவாக, இயல்பானதற்கு நெருக்கமாக இருந்தது. 2013-ல் வெளியான இந்த ஆய்வுதான் ஓய்வைத் தாண்டிச் செல்லுக்கும் பங்குண்டு என்று சொல்லத் துணிவு தருகிறது. பன்னிரண்டு உயிர் கொடுத்து வாங்கிய பதில்.

கைதான் தெர்மாமீட்டர்

மூன்றாவது குதிரை ஆஸ்பத்திரியில் இல்லை. நகரத்துக்குள் ஒரு பயிற்சி லாயத்தில், ஊசி போட்டு ஐந்தாவது மாதத்தில் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்கிறவர் தமிழ் பேசினார். நியூமார்க்கெட் லாயங்களில் ஆள் பற்றாக்குறை. இந்தியாவிலிருந்து வந்த ரைடிங் பாய்கள் நிறையப் பேர் இங்கே வேலை செய்கிறார்கள். இந்தத் தம்பியின் அப்பா கிண்டி ரேஸ் கோர்ஸில் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவராக இருந்தவர். இவர் பெங்களூரில் தொழில் கற்று இங்கே வந்திருக்கிறார்.

"ஊசி போட்டப்ப நான் அங்க இல்ல சார். அது ஒரு நாள் வேல. அதுலேருந்து இதோட நான்தான்" என்றார். முதல் வாரம் லாயத்தை விட்டு வெளியே வரக் கூடாது. இரண்டாம் வாரத்திலிருந்து கையில் பிடித்துப் பத்து நிமிட நடை. வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டி, மூன்றாம் மாத முடிவில் முக்கால் மணி நேரம். அடுத்து ஐந்து ஐந்து நிமிடமாக ட்ராட் என்ற மெல்லோட்டம், பிறகு கேண்டர் என்ற மிதமான பாய்ச்சல், கடைசியில்தான் கேலப் என்ற முழுப் பாய்ச்சல். நடுநடுவே ஸ்கேன், படம் சரியில்லை என்றால் ஒரு படி பின்னால். மொத்தம் 48 வாரம். பந்தயம் ஒரு வருஷத்துக்குப் பிறகுதான்.

புதிதாக விளையும் நார்கள் முதலில் கோணல்மாணலாகத்தான் கிடக்கும். அளவான இழுப்பு கிடைக்கும்போதுதான் அவை இழுக்கும் திசையில் வரிசைப்படும். இழுப்பே இல்லாவிட்டால் வரிசை வராது, அதிகமானால் கிழியும். அந்த அளவைத் தினமும் கையால் அளந்து கொடுப்பவர் இவர்.

"நடக்க வைக்கறது கஷ்டமில்லையா தம்பி?"

"நடக்க வைக்கறது ஈஸி சார். ஓடாம வைக்கறதுதான் கஷ்டம். ஒரு மாசத்துலயே வலி போயிடும். நல்லாயிட்டோம்னு அது நெனச்சுக்கும். வெளிய கூட்டிட்டு வந்தா ரெண்டு கால்ல நிக்கும். ஒரு குதி குதிச்சா போச்சு, நாலு மாச வேலை மண்ணு." கொள்ளு, ஓட்ஸ் மாதிரி தீனியைக் குறைத்து, பெரும்பாலும் காய்ந்த புல்தான் கொடுக்கிறார். குளிர்க்காற்று அடிக்கும் காலைகளில் வெளியே எடுப்பதற்கு முன் கொஞ்சம் மயக்க மாத்திரையும் உண்டு.

பேசிக்கொண்டே இரண்டு முன்கால்களிலும் இரண்டு உள்ளங்கைகளை வைத்து மெல்லக் கீழே இறக்கினார். கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. "ரெண்டும் ஒரே சூடா இருக்கணும். ஒண்ணு மட்டும் சுட்டா அன்னிக்கு நடை கட். டாக்டருக்கு போன். எங்கப்பா சொல்லிக்குடுத்தது சார் இது, ஸ்கேன் மெஷின்லாம் அப்ப ஏது?" எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம், சூடு உண்டா இல்லையா என்று ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். மருத்துவர் வரும்போது முதலில் அந்த நோட்டைத்தான் கேட்கிறாராம்.

ரெடிமேட் குப்பி

இனி இவ்வளவு காத்திருப்பு தேவைப்படாது என்கிறவர்களும் உண்டு. கலிபோர்னியாவின் வெட்-ஸ்டெம் நிறுவனம் மஜ்ஜைக்குப் பதிலாகக் குதிரையின் வால் அருகே உள்ள கொழுப்பிலிருந்து செல்லைப் பிரித்து, வளர்க்காமலேயே ஓரிரு நாளில் திருப்பி அனுப்பும் முறையைப் பரப்பியது. ஐரோப்பாவில் வேறு குதிரைகளின் செல்லிலிருந்து முன்கூட்டியே தயாரித்த மருந்துகள் வந்துவிட்டன. ரத்தத்திலிருந்து எடுத்த செல்லாலான ஆர்ட்டி-செல் ஃபோர்ட்டே, தொப்புள்கொடியிலிருந்து எடுத்த ஹார்ஸ்டெம் இரண்டுக்கும் 2019-ல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி கொடுத்தது. இரண்டும் மூட்டு நோவுக்கானவை. தசைநாணுக்கான ரெனுடெண்டுக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது. அடிபட்ட புதிதிலேயே, தழும்பு விழுவதற்கு முன் போட்டுவிடலாம் என்பது இவற்றின் பெரிய வசதி.

குதிரையிடம் கற்றது மனிதனுக்கும் போகிறது. நம் குதிகால் மேலே உள்ள அக்கிலிஸ் தசைநாண் குதிரையின் அந்தத் தசைநாணைப் போலவே ஸ்பிரிங் வேலை செய்வது, அதேபோலக் கெடுவது. லண்டனின் ஸ்டான்மோர் பகுதியில் உள்ள எலும்பு மருத்துவமனையில் பத்து நோயாளிகளுக்கு அவரவர் மஜ்ஜைச் செல்லைச் செலுத்தி, பாதுகாப்பானதா என்று மட்டும் முதலில் சோதித்தார்கள். குதிரைகளில் இத்தனை வருட அனுபவத்துக்குப் பிறகும் பத்தே பேர். நம் ஊரில் முட்டிவலிக்கு ஸ்டெம் செல் ஊசி என்று போர்டு வைத்திருப்பதைப் பார்க்கும்போது இந்தப் பத்து ஞாபகம் வர வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எதையும் முறையான ஆய்வுக்கு வெளியே காசுக்குச் செய்யக் கூடாது என்கின்றன.

விடைபெற ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது மருத்துவர் போனில் இருந்தார். எதிர்முனையில் ஒரு குதிரை முதலாளி. மூன்று வயதுச் சமதளப் பந்தயக் குதிரை, தசைநாண் காயம், ஸ்டெம் செல் போட்டு இந்தக் கோடையிலேயே ஓட்ட வேண்டும் என்கிறார். மருத்துவர் மூன்றே கேள்வி கேட்டார்: அடிபட்டு எத்தனை வாரம், ஸ்கேனில் நடுவில் ஓட்டை இருக்கிறதா, ஒரு வருஷம் தினமும் நடத்திக்கொண்டுபோக ஆள் யார்? மூன்றாவதற்கு அந்தப் பக்கம் நீண்ட விளக்கம் ஓடியது. மூன்று வயதில் ஒரு வருஷம் போனால் சமதளக் குதிரையின் சம்பாத்தியத்தில் பெரும்பகுதி போய்விடும். அவருடைய கவலையிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மருத்துவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்படியானால் என்னால் போட முடியாது" என்றார்.

வேறு இடத்தில் போட்டுக்கொள்வார் அல்லவா என்று கேட்டேன்.

"போட்டுக்கொள்ளட்டும். அந்தக் குதிரைக்கு ஒரு வருட லீவு தேவை. லீவுச் சீட்டு எழுதித் தரச் சொன்னால் இப்போதே தருகிறேன், அதற்கு ஃபீஸ்கூட வாங்க மாட்டேன்."